மண்டியிட்ட ராஜாவும் ஒட்டகமும்: ஸ்காரஸ் அடிச்ச வெள்ளிக்காசு

கி.மு. 58-ல ரோம்ல அடிச்ச ஒரு தேனாரியஸ் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை. வெள்ளிக்காசு, குறுக்களவு 18 மில்லிமீட்டர் வாக்குல இருக்கும், எடை நாலு கிராமுக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு பக்கத்துல ஒட்டகம் நிக்குது. அதுக்கு முன்னாடி ஒரு ஆள் ஒரு முட்டியைத் தரையில ஊன்றி மண்டியிட்டிருக்கார், ஒரு கையில ஒட்டகத்தோட கயிறு, இன்னொரு கையில நீட்டிப் பிடிச்சிருக்கிற ஆலிவ் கிளை, அந்தக் கிளையில தொங்குற நாடா வரைக்கும் செதுக்கியிருக்காங்க. கீழ ‘ரெக்ஸ் அரேட்டாஸ்’னு எழுத்து, அதாவது ராஜா அரேட்டாஸ். மேல காசை அடிச்ச ரோமன் அரசியல்வாதி மார்கஸ் ஸ்காரஸோட பேரும் அவர் பதவியும். ரெண்டு ஓரத்துலயும் ‘எக்ஸ்’, ‘எஸ் சி’ன்னு சின்ன எழுத்து, செனட் உத்தரவுப்படி அடிச்சதுன்னு அர்த்தம்.

ரோமன் காசுன்னாலே எல்லாரும் புரூட்டஸோட ரெண்டு கத்தி போட்ட காசு, சீசர் முகம் போட்ட காசுன்னு போவாங்க. அதெல்லாம் பெரிய காசுதான், மறுக்கல. ஆனா அரசியல் எப்படி நடந்ததுன்னு காட்டுறதுல எனக்கு இந்த ஒட்டகக் காசுக்கு மேல ஒண்ணு இல்ல. ஏன்னா இதுல செதுக்கியிருக்கிற காட்சி நடக்கவே இல்ல. அரேட்டாஸ்னு ஒரு ராஜா இருந்தார், அவர் மேல ஸ்காரஸ் படையெடுத்துப் போனதும் உண்மை, ஆனா அந்த ராஜா ஸ்காரஸ் முன்னாடி மண்டியிட்டுக் கிளையை நீட்டினதா எங்கயும் இல்ல. நடந்தது ஒரு பேரம். அந்தப் பேரத்தை வெற்றியா மாத்தி, வெள்ளியில அடிச்சு, ஊர் முழுக்கக் கையில குடுத்தாங்க.

கதையைக் கொஞ்சம் முன்னாடி இருந்து சொல்றேன். மித்ரிடேட்டீஸ் ராஜாவோட நடந்த யுத்தத்துக்காகக் கிழக்க போன தளபதி பாம்ப்பிக்குக் கீழ வேலை பார்த்த ஆளு ஸ்காரஸ். பாம்ப்பி இவரை சிரியாவுக்கு முன்னாடியே அனுப்பி வைக்கிறார். அந்த நேரம் பார்த்து யூதேயாவுல ஹிர்க்கானஸ், அரிஸ்டோபுலஸ்னு அண்ணன் தம்பிக்குள்ள அரசுரிமைச் சண்டை. அண்ணன் ஹிர்க்கானஸுக்கு உதவியா நபதேய ராஜா மூணாம் அரேட்டாஸ் பெரிய படையோட வந்து ஜெருசலேமை முற்றுகை போட்டிருக்கார், உள்ள தம்பி அரிஸ்டோபுலஸ் மாட்டிக்கிட்டிருக்கார். ஸ்காரஸ் வந்து சேர்ந்ததும் அண்ணன் தம்பி ரெண்டு பேரோட ஆளுங்களும் ஓடி வந்து ஆளுக்கு 400 தாலந்து தர்றோம்னு சொல்றாங்க. யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதியிருக்கிற வரலாறு இது. ஸ்காரஸ் கணக்குப் போட்டுப் பார்த்து, காசு நிஜமா கையில இருக்கிற தம்பி பக்கம் சாஞ்சார். அரேட்டாஸுக்கு ஒரே ஒரு மிரட்டல், முற்றுகையை எடு, இல்லன்னா ரோமுக்கு எதிரின்னு அறிவிச்சிடுவோம். அரேட்டாஸ் கிளம்பிட்டார். பின்னாடி பாம்ப்பி நேர்ல வந்தப்போ இந்த லஞ்ச விஷயத்தை அவர் முன்னாடியே போட்டு உடைச்சாங்க, அதனால யூதேயாவுல இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்ல.

கி.மு. 63-ல பாம்ப்பி ஜெருசலேமைப் பிடிச்சிட்டு ஊருக்குத் திரும்பறப்போ சிரியாவையும் ரெண்டு லீஜியன் படையையும் ஸ்காரஸ் கையில விட்டுட்டுப் போறார். இப்பதான் அரேட்டாஸ் மேல அந்தப் படையெடுப்பு. ஸ்காரஸ் அரேட்டாஸோட தலைநகர் பெட்ராவைப் பார்த்துக் கிளம்பறார். பெட்ரா போட்டோ பார்த்திருப்பீங்க, செக்கச்செவேல்னு பாறைக்குள்ள குடைஞ்ச ஊர், போற வழியெல்லாம் பாலைவனமும் குறுகலான பள்ளத்தாக்கும்தான். நபதேயர்கள் சாம்பிராணி, வாசனைப் பொருள் வியாபாரத்துல சம்பாதிச்சவங்க, அந்த மண்ணுல தண்ணி எங்க கிடைக்கும்னு அவங்களுக்குத் தெரியும், ரோமன் படைக்குத் தெரியாது. ஸ்காரஸ் சுத்துப்பட்டு ஊர்களைக் கொளுத்தினார், ஆனா பெட்ராவை நெருங்க முடியல, படைக்குச் சாப்பாடு தீர்ந்துபோச்சு. பசியில கிடந்த படைக்குத் தானியம் அனுப்பினது யாருன்னா அதே ஹிர்க்கானஸ்தான், கொண்டுவந்து சேர்த்தது அவரோட ஆள் ஆன்டிபேட்டர், அதாவது பைபிள்ல வர்ற ஏரோது ராஜாவோட அப்பா. இந்த ஆன்டிபேட்டருக்கு அரேட்டாஸோட பழைய சிநேகம் உண்டு. ஸ்காரஸ் அவரையே தூது அனுப்பறார். ஆன்டிபேட்டர் போய்ப் பேசி 300 தாலந்து குடுக்கச் சம்மதிக்க வெச்சு, அந்தப் பணத்துக்குத் தானே ஜாமீனும் நின்னார். அதோட யுத்தம் முடிஞ்சது. யுத்தத்தை முடிக்கணும்ங்கிற ஆசை அரேட்டாஸுக்கு எவ்வளவு இருந்ததோ, அதுல கொஞ்சமும் குறையாம ஸ்காரஸுக்கும் இருந்ததுன்னு ஜோசிஃபஸ் எழுதறார்.

300 தாலந்துங்கிறது சின்னத் தொகை இல்ல. ஒரு தாலந்துக்கு 6,000 திராக்மா, ஒரு திராக்மா ஏறக்குறைய ஒரு தேனாரியஸ், அப்போ 18 லட்சம் தேனாரியஸ், ஏழு டன் வெள்ளி வருது. ஆனா அது கப்பம் கட்டற தோத்த ராஜாவோட பணம் இல்ல, ‘இந்தா வாங்கிக்கிட்டு கிளம்பு’ன்னு குடுத்த பணம். அரேட்டாஸோட ராஜ்யம் அப்படியே இருந்தது. அவருக்கு அப்புறமும் நபதேய ராஜாக்கள் 160 வருஷத்துக்கு மேல ஆண்டாங்க, கி.பி. 106-ல டிராஜன் காலத்துலதான் அந்த நாடு ரோமோட மாகாணம் ஆச்சு.

அந்தப் பக்கத்து மக்கள் இந்த மனுஷனை எப்படி ஞாபகம் வெச்சிருந்தாங்கங்கிறதுக்கு ஒரு சின்னத் துண்டு சாட்சி இருக்கு. சாக்கடல் ஓரத்துல கும்ரான் குகைகள்ல கிடைச்ச சுருள்கள்ல காலண்டர் மாதிரி ஒரு சுவடி, கிழிஞ்சு போனது, பூசாரிகளோட முறை வாரங்களை வரிசையா சொல்லிட்டு நடுவுல நடந்த சம்பவங்களைக் குறிக்குது. அதுல ‘அமீலியஸ் கொன்றான்’னு ஒரு குறிப்பு. யாரைக் கொன்னான், எங்க கொன்னான்னு சொல்ற பகுதி போயிடுச்சு. ஆனா ஸ்காரஸோட குலப்பேர் அமீலியஸ், அந்தக் காலத்துல அந்தப் பக்கம் படையோட சுத்தின அமீலியஸ் அவர்தான்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. ரோம்ல காசுல ஆலிவ் கிளை, யூதேயாவுல சுவடியில கொன்றான்ங்கிற ஒரு சொல். இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்த நாளுல இருந்து இந்தக் காசை என்னால சும்மா ஒரு கலைப்பொருளா பார்க்க முடியல.

சரி, இவர் யாரு? அப்பாவும் மார்கஸ் அமீலியஸ் ஸ்காரஸ்தான், கி.மு. 115-ல கான்சல், அதாவது ரோமோட மேல்மட்டப் பதவி, செனட்டோட முதல் மரியாதை வருஷக்கணக்கா அவருக்குத்தான். பழைய பெரிய குலம், ஆனா இடையில நொடிச்சுப் போன குடும்பம், அதைத் தூக்கி நிறுத்தினவர் அப்பா. அவர் இறந்ததும் அம்மா மெட்டெல்லா, சுல்லாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, பின்னாடி ரோமோட சர்வாதிகாரியா ஆன அதே சுல்லா. அதனால நம்ம ஸ்காரஸ் வளர்ந்தது சுல்லா வீட்டுல. சுல்லா கொலைப்பட்டியல் போட்டு எதிரிகளோட சொத்தை ஏலம் விட்டப்போ எத்தனையோ பேர் கோடீஸ்வரன் ஆனாங்க. ஸ்காரஸ் அதுல ஒண்ணுகூட இனாமா வாங்கல, ஏலத்துலயும் எடுக்கலன்னு அஸ்கோனியஸ்ங்கிற உரையாசிரியர் குறிச்சு வெச்சிருக்கார். இதைச் சொல்லாம விட்டா அந்த மனுஷனுக்கு அநியாயம் பண்ணின மாதிரி ஆயிடும். தொடக்கத்துல அவர் கை சுத்தமாத்தான் இருந்திருக்கு.

சுல்லா வீட்டுல வளர்ந்ததை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, சுல்லாவோட முத்திரை மோதிரத்துல ஒரு காட்சி செதுக்கியிருந்தது, மொரிட்டேனியா ராஜா பொக்கஸ், ரோமோட எதிரியான நுமிடியா ராஜா ஜுகுர்த்தாவைப் பிடிச்சு சுல்லாகிட்ட ஒப்படைக்கிற காட்சி. கி.மு. 56-ல சுல்லாவோட மகன் ஃபாஸ்டஸ் இதே காட்சியைக் காசுல போட்டார், அதுல பொக்கஸ் மண்டியிட்டு ஆலிவ் கிளையை நீட்டறார். ஃபாஸ்டஸ் யாருன்னா மெட்டெல்லாவுக்குப் பிறந்த பையன், ஸ்காரஸோட தம்பி முறை. என் அனுமானம் என்னன்னா, மண்டியிட்ட ராஜா, கையில ஆலிவ் கிளைங்கிற படம் அந்த வீட்டுக்குள்ள தினம் கண்ணுல பட்ட படம். ஸ்காரஸுக்குச் சொந்தமா ஒரு வெற்றி தேவைப்பட்டப்போ மனசுல முதல்ல வந்து நின்னது அதுவாத்தான் இருக்கணும், ஜுகுர்த்தா இருந்த இடத்துல ஒட்டகம் வந்துடுச்சு.

அப்போ ஏன் சொந்த வெற்றி தேவைப்பட்டுச்சு? ரோம்ல காசு அடிக்கிற பொறுப்பு வழக்கமா வருஷத்துக்கு மூணு இளைஞர்கள் கையில இருக்கும், அரசியல்ல முதல் படி அது. அவங்க காசுல போடறது தங்களோட முன்னோர் பெருமை. எங்க கொள்ளுத்தாத்தா அந்த ஊரைப் பிடிச்சார், எங்க குலத்துக்காரர் இந்தக் கோயிலைக் கட்டினார்னு. ஓட்டுக் கேக்கற போஸ்டர் மாதிரிதான், என்ன, தாத்தா படம் போட்ட போஸ்டர். ஸ்காரஸ் இந்த வழக்கத்தைத் தாண்டினார். கி.மு. 58-ல அவரும் பிளாட்டியஸ் ஹிப்ஸேயஸும் ஈடில் பதவியில இருந்தாங்க, ரோடு, மார்க்கெட், பொது விளையாட்டு எல்லாம் பார்த்துக்கிற பதவி. செனட்டோட தனி அனுமதியில ரெண்டு பேரும் சேர்ந்து இந்தக் காசை அடிச்சாங்க. ஹிப்ஸேயஸ் பழைய வழக்கப்படி பின்பக்கத்துல நாலு குதிரை ரதத்துல இடி வீசற ஜுபிட்டரைப் போட்டு, பிரிவெர்னம் ஊரைப் பிடிச்ச தன் முன்னோர் பேரை எழுதினார், அது அதுக்கும் 270 வருஷம் முந்தின கதை. ஸ்காரஸ் தன்னோட பக்கத்துல தன் சொந்தக் கதையையே போட்டுக்கிட்டார். ரோம் நகரத்து நாணயச்சாலையில ஒருத்தர் தான் செஞ்ச காரியத்தைத் தானே காசுல விளம்பரப்படுத்தினது இதுதான் முதல்னு பொதுவா சொல்வாங்க. ரொம்பப் பெரிய அளவுல அடிச்சிருக்காங்க, அதனாலதான் இன்னைக்கும் குடியரசுக் கால தேனாரியஸ்கள்ல சுலபமா கிடைக்கிற வகைகள்ல இது ஒண்ணு.

(நம்ம கொங்குப் பக்கம் புதையலா கிடைக்கிற ரோமன் வெள்ளிக்காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் பேர்ல இருக்கிறது. அதுக்கெல்லாம் அரை நூற்றாண்டு மூத்தது இந்த ஒட்டகக் காசு.)

அந்த வருஷம் ஸ்காரஸ் நடத்தின விளையாட்டுகளைப் பத்தி ரோமன் எழுத்தாளர் பிளினி எழுதினதைப் படிச்சா தலை சுத்தும். ரோமுக்கு முதல் தடவையா நீர்யானை வந்தது அப்பதான், கூடவே அஞ்சு முதலை, அதுங்களை வெச்சுக் காட்ட தற்காலிகமா ஒரு கால்வாயே வெட்டினாங்க. 150 சிறுத்தை. யூதேயாவுல யோப்பா ஊர்ல இருந்து கொண்டுவந்த ஒரு ராட்சஸ எலும்புக்கூடு, 40 அடி நீளம், அதோட விலா எலும்பு இந்திய யானையை விட உயரம்னு பிளினி சொல்றார், கிரேக்கப் புராணத்துல அந்திரோமேடாங்கிற இளவரசியை விழுங்க வந்த கடல் பூதம் இதுதான்னு சொல்லி ஜனங்களுக்குக் காட்டினாங்க. ஏதோ திமிங்கலத்தோட எலும்பா இருந்திருக்கும்.

எல்லாத்துக்கும் மேல தியேட்டர். மேடைக்குப் பின்சுவர் மூணு அடுக்கு, கீழ் அடுக்கு பளிங்கு, நடு அடுக்கு கண்ணாடி, மேல் அடுக்கு தங்கமுலாம் பூசின பலகை. தூண் மட்டும் 360, கீழ் அடுக்குத் தூண்கள் 38 அடி உயரம், தூண்களுக்கு நடுவுல 3,000 வெண்கலச் சிலை. 80,000 பேர் உட்காரலாம்னு பிளினி சொல்றதை இன்னைக்கு ஆய்வாளர்கள் அப்படியே நம்பறதில்ல. ஆனா எவ்வளவு குறைச்சுப் பார்த்தாலும், அது ஒரு மாசம்கூட முழுசா நிக்காத தற்காலிகக் கட்டடம்ங்கிறதை நினைச்சுப் பாருங்க. முடிஞ்சதும் பிரிச்சிட்டாங்க. பெரிய கருப்புப் பளிங்குத் தூண்களை மட்டும் பாலடைன் குன்றுல இருக்கிற தன் வீட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போனார். இங்க எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விவரம் இருக்கு. அந்தத் தூண்களோட பாரத்துல ரோட்டுக்கு அடியில போற பாதாளச் சாக்கடை உடைஞ்சா யார் பொறுப்புன்னு சாக்கடைக் கான்ட்ராக்டர் கேட்டு, ஸ்காரஸ்கிட்ட ஈடு எழுதி வாங்கினாராம். இத்தனை ஆடம்பரத்துக்கு நடுவுல ஊரோட சாக்கடையைப் பத்திக் கவலைப்பட்டு ஒரு பெரிய இடத்துப் பிள்ளையை நிறுத்திக் கேட்ட அந்த மனுஷன் மேல எனக்கு அவ்வளவு மரியாதை. பேர் தெரியல அவருக்கு.

காசு அடிச்சது, நீர்யானை காட்டினது, தியேட்டர் கட்டினது எல்லாம் ஒரே வருஷத்து வேலை, இதைப் பிரிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு நினைக்கிறேன். அதே ஈடில் பதவி, அதே ஜனம், அடுத்து வரப்போற அதே தேர்தல். திருவிழாவுக்கு வந்து அதிசய மிருகத்தைப் பார்த்தவன் கையில இருந்த சில்லறையிலயும் ஸ்காரஸோட ஒட்டகம் இருந்திருக்கும்.

ஆனா இதுக்கெல்லாம் செலவு பண்ணி அவர் சொத்து மொத்தமும் காலி, மேல மலை மாதிரி கடன். ரோமன் அரசியல்வாதி கடனை அடைக்கிற வழி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், பெரிய பதவி வாங்கி, ஒரு மாகாணத்துக்கு கவர்னரா போய், அங்க இருக்கிறவங்க வயித்துல அடிச்சு எடுக்கிறது. ஸ்காரஸ் கி.மு. 56-ல பிரீட்டர், அதாவது கான்சலுக்கு அடுத்த படிப் பதவிக்கு வந்து, அடுத்த வருஷம் சார்டீனியா தீவுக்கு கவர்னரா போனார். நீர்யானைக்கான பில்லை சார்டீனியா விவசாயிகள் கட்டினாங்க, தானியமா. கி.மு. 54 ஜூன் கடைசியில ஊர் திரும்பினார், ஜூலை முதல் வாரமே டிரையாரியஸ்னு ஒரு இளைஞர் கொள்ளையடிப்பு வழக்குப் போட்டுட்டார். சாட்சி திரட்ட சார்டீனியா, கோர்சிகா போய் வர 30 நாள் டைம் குடுத்தாங்க, அவர் போகல. அதுக்குள்ள கான்சல் தேர்தல் வந்துடும், கொள்ளையடிச்ச பணத்தை வெச்சே பதவியை வாங்கிட்டு இந்த ஆள் தப்பிச்சிடுவார்னு காரணம் சொன்னார்.

ஸ்காரஸுக்காக ஆறு வக்கீல் ஆஜர் ஆனாங்க, அந்தக் காலத்துல நாலுக்கு மேல வைக்கிறதே அபூர்வம். அதுல ஒருத்தர் ரோமோட பேர்போன பேச்சாளர் சிசரோ. இன்னொருத்தர் குளோடியஸ், சிசரோவை கி.மு. 58-ல நாடு கடத்த வெச்ச பரம எதிரி. ரெண்டு பேரும் ஒரே கட்சிக்காரருக்காக நின்னாங்க. சிசரோவோட வாதம் துண்டு துண்டாதான் கிடைச்சிருக்கு, கிடைச்ச வரைக்கும் படிக்கவே கஷ்டமா இருக்கு, ஏன்னா சாட்சி சொல்ல வந்த சார்டீனியாக்காரங்களோட இனமே பொய்யான இனம், ஃபினீசியர் வம்சம், ஆட்டுத்தோல் போர்த்தினவங்க பேச்சை நம்பறதான்னு போகுது. நாம கேள்விப்பட்ட பெரிய மனுஷ சிசரோ இல்ல இது. கடைசியில ஸ்காரஸே எழுந்து அழுதார், அப்பா பேரைச் சொன்னார், நான் நடத்தின விளையாட்டுகளை மறந்துட்டீங்களான்னு கேட்டார். 70 ஜூரிகள்ல தண்டிக்கணும்னு சொன்னது வெறும் எட்டுப் பேர்.

விடுதலை ஆனதும் கான்சல் தேர்தல்ல நின்னார். அந்தத் தேர்தல்ல நின்ன எல்லாருமே பணத்தைத் தண்ணியா இறைச்சாங்க, எல்லார் மேலயும் வழக்கு. இவரோட பெரிய நம்பிக்கை பாம்ப்பிதான். பழைய தளபதி, போதாததுக்கு பாம்ப்பி விவாகரத்து பண்ணின மூக்கியாவை ஸ்காரஸ் கட்டிக்கிட்டிருந்தார், தன் பையனும் பாம்ப்பி பிள்ளைங்களும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க, அந்தப் பாசம் கை குடுக்கும்னு நினைச்சார். தான் தள்ளி வெச்ச பொண்டாட்டியை இவர் உடனே கட்டிக்கிட்டது பாம்ப்பிக்கு அவமானமாத்தான் பட்டது. கி.மு. 52-ல பாம்ப்பி தனியா கான்சலா உட்கார்ந்து தேர்தல் லஞ்சத்துக்குக் கடுமையான சட்டம் கொண்டுவந்தார். அந்தச் சட்டத்துல ஸ்காரஸ் மாட்டினார். விளையாட்டுகளை மறக்காத ஜனங்க கூட்டமா வந்து அவரை விடுன்னு கத்தினாங்க, பாம்ப்பியோட சிப்பாய்கள் கூட்டத்து மேல பாய்ஞ்சு சில பேர் செத்தும் போனாங்க. ஸ்காரஸ் நாடு கடந்து போனார், அதுக்கப்புறம் அவரைப் பத்தி வரலாற்றுல ஒரு வரிகூட இல்ல.

காசோட மறுபக்கத்து ஆள் ஹிப்ஸேயஸும் அதே வருஷம், அதே குற்றச்சாட்டுல மாட்டினார். அவரும் பாம்ப்பியோட ஆள்தான். பாம்ப்பி குளிச்சிட்டுச் சாப்பிடப் போற வழியில கால்ல விழுந்து கெஞ்சினார். என் சாப்பாட்டைக் கெடுக்கிறதைத் தவிர உன்னால ஆகப்போறது ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுத் தாண்டிப் போனார் பாம்ப்பி. புளூட்டார்க் இதைக் குறிச்சு வெச்சிருக்கார்.

படம் மட்டும் நிலைச்சுது. கி.மு. 55-லயே இன்னொரு ஈடில், ஆலஸ் பிளாட்டியஸ், ஸ்காரஸோட காசை அப்படியே பார்த்து அடிச்ச மாதிரி மண்டியிட்ட ஆள், ஒட்டகம், ஆலிவ் கிளைன்னு ஒண்ணு போட்டார், அதுல ‘யூதன் பாக்கியஸ்’னு பேர். அகஸ்டஸ் கி.மு. 20-ல ரோமுக்குக் கிழக்க இருந்த எதிரி வல்லரசான பார்த்தியர்கள்கிட்ட இருந்து பழைய படைக்கொடிகளைப் பேச்சுவார்த்தையிலதான் திரும்ப வாங்கினார், சண்டையே நடக்கல, ஆனா தேனாரியஸ்ல பார்த்தியன் ஒருத்தன் மண்டியிட்டுக் கொடியை நீட்டறான். இதைப் பார்க்கிறப்போ ஸ்காரஸ் கண்டுபிடிச்ச வழி எவ்வளவு தூரம் போச்சுன்னு புரியும். டிராஜன் நிஜமாவே நபதேய நாட்டை எடுத்துக்கிட்டப்போ அடிச்ச காசுல அரேபியா ஒரு பொண்ணா நிக்குது, காலடியில குட்டியா ஒரு ஒட்டகம்.

இந்தக் காசை நேர்லயோ மியூசியம் இணையதளத்துலயோ பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு. அவசரமா, ஏகப்பட்டது அடிச்சதால பாதிக் காசுல அச்சு மையத்துல விழாது, வெள்ளி வில்லையை விட அச்சு பெருசு வேற. பெரும்பாலும் ஸ்காரஸ் பேர் மேல வெட்டுப்பட்டிருக்கும், இல்லன்னா கீழ அரேட்டாஸ் பேர் போயிருக்கும். ரெண்டு பெயர் எழுத்தும் முழுசா விழுந்த காசு கொஞ்சம் அபூர்வம், விலையும் அதுக்கு ஏத்த மாதிரி ஏறும். ஜுபிட்டர் பக்கத்துல சில அச்சுகள்ல குதிரைக் காலுக்குக் கீழ ஒரு தேள் இருக்கும், லென்ஸ் வெச்சுப் பாருங்க. ஒட்டகத்தை செதுக்கினவர் நல்ல கைக்காரர், கழுத்து வளைவை கவனிங்க. அப்புறம் அந்த ஆலிவ் கிளை யாரைப் பார்த்து நீட்டியிருக்குன்னும் பாருங்க, எதிர்ல யாரும் இல்ல, காசோட விளிம்புதான் இருக்கு. வாங்கிக்க வேண்டிய ஸ்காரஸ் காசுல எழுத்தா மட்டும்தான் இருக்கார்.